குடியரசுத் தலைவரின் கையொப்பம்

2017-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் சென்னையில் கூடிய சட்டமன்றம் ஜல்லிக்கட்டு பற்றிய மசோதா ஒன்றை நிறைவேற்றிற்று. அம்மாதம் 31-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதற்கு இசைவளித்தார். இடையே கழிந்தவை எட்டே நாட்கள். அதற்கு மறுநாள், பிப்ரவரி முதல் தேதி, அதே சட்டமன்றம் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றி இரண்டு மசோதாக்களை நிறைவேற்றிற்று. அவையும் அதே வழியில் தில்லிக்குப் பயணமாயின. அவற்றிற்கு இசைவு கிடைக்கவே இல்லை.

மசோதாவை நிறைவேற்றிய மன்றம் ஒன்றே. அது சென்று சேர்ந்த மாளிகையும் ஒன்றே. அவ்வாறிருக்க, முன்னதற்குத் திறந்த கதவு பின்னதற்கு ஏன் திறக்கவில்லை? பொன்னமராவதிச் சுற்றுப்புறத்து உழவர் ஒருவர் தம் காளையை வாடிவாசலில் அவிழ்த்து விடுவதற்கும், அவர் மகள் மருத்துவம் படிப்பதற்கும், தில்லியில் ஒருவர் பேனா எடுத்துக் கையொப்பமிட வேண்டியிருப்பது ஏன்? அந்தப் பேனாவை உண்மையில் நகர்த்துவது யார் கை? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், சட்டம் ஆக்குவதிலும் அதை நடத்துவதிலும் குடியரசுத் தலைவருக்கு உள்ள பங்கு என்ன என்பது தானே விளங்கும்.

எங்கள் பகுதி மக்களுக்கு இது சற்றுப் புதிய பாடம். பொன்னமராவதி 1948 வரையில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், திருமயம் தாலுக்காவில் அடங்கியிருந்த ஊர். சமஸ்தானத்தில் 1924-இல் சட்டசபை ஒன்று ஏற்பட்டது. அதில் பேசலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானமும் போடலாம். முடிவான சொல் மட்டும் அரண்மனையின் பக்கம் இருந்தது. தொண்டைமான் மன்னர்களுக்கும் மேலே ஆங்கில ஏகாதிபத்தியம் இருந்ததென்பது வேறு கதை. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1950 ஜனவரி 26 முதல், மன்னர் இருந்த இடத்தில் குடியரசுத் தலைவர் ஒருவர் அமர்ந்தார். ஆதலால் அவரும் ஒருவகை மன்னரே, நம் சட்டத்தை ஏற்பதும் தள்ளுவதும் அவர் விருப்பம் என்று எண்ணியோர் பலர். வகுப்பில் குடிமைப் பாடம் நடத்திய ஆண்டுகளில் இந்த எண்ணத்தை மாணவரிடம் நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதற்கு நேர்மாறாக, அவர் வெறும் முத்திரைக் கட்டை என்று துணிந்து சொல்லும் மாணவனும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவனாவது இருப்பான். இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் கொடுக்க இயலாது.

சாசனம் சொல்வதை முதலிற் பார்ப்போம். 79-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றம் என்பது இரண்டு அவைகள் மட்டும் அன்று. குடியரசுத் தலைவரும் அதன் ஓர் அங்கம். அவைகள் இரண்டும் நிறைவேற்றிய மசோதா அவர் இசைவு பெற்ற பின்னரே சட்டமாகும். 111-ஆம் பிரிவின்படி அவர் இசைவு தரலாம், மறுக்கலாம், அல்லது பண மசோதா நீங்கலாக மற்றவற்றை மறுபடி ஆராயுமாறு திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை அவைகள் மீண்டும் நிறைவேற்றினால் அவர் இசைவு தந்தே ஆக வேண்டும். படிப்பதற்கு இது பெரிய அதிகாரம் போலத் தோன்றும். ஆனால் 74-ஆம் பிரிவு இதனருகே நிற்கிறது: குடியரசுத் தலைவருக்குத் துணைபுரியவும் ஆலோசனை கூறவும் பிரதம மந்திரியைத் தலைமையாகக் கொண்ட அமைச்சரவை ஒன்று இருக்கும். அந்த ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்துமா என்பதை மூலச் சாசனம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் பிறந்தது.

அதை முதலில் எழுப்பியவர் முதல் குடியரசுத் தலைவரே. 1951 செப்டம்பரில் இந்து சட்டத் தொகுப்பு மசோதா தற்காலிக நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. திருமணம், மணமுறிவு, பெண்களின் சொத்துரிமை ஆகியவற்றைத் திருத்தி அமைக்க எழுந்த மசோதா அது. சட்ட அமைச்சர் டாக்டர் அம்பேத்கர் அதற்காக அரும்பாடு பட்டார். டாக்டர் இராஜேந்திர பிரசாத் அதை விரும்பவில்லை. மக்கள் நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒரு மன்றம் சமூக வாழ்வில் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யலாகாது என்பது அவர் கருத்து. மசோதா தம்மிடம் வந்தால் அதன் தகுதியைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமை தமக்கு உண்டு என்று பிரதமர் நேருவுக்கு எழுதினார்.

நேரு திடுக்கிட்டார். சட்டம் கற்ற இருவரிடம் அபிப்பிராயம் கேட்டார். ஒருவர் இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் செதல்வாத். மற்றவர் சாசனத்தை வகுத்த குழுவில் இருந்த சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இருவர் கூறியதும் ஒன்றே: குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்கக் கடமைப்பட்டவர். அம்மசோதா அப்போது கைவிடப்பட்டது. அம்பேத்கர் பதவி துறந்தார். தேர்தல் நடந்து புதிய நாடாளுமன்றம் கூடிய பிறகு அதே கருத்துகள் பகுதி பகுதியாக மீண்டும் வந்தன. இந்துத் திருமணச் சட்டம் 1955 மே 18-ஆம் நாளும், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ஆம் நாளும் இசைவு பெற்றன. இரண்டிலும் கையொப்பமிட்டவர் அதே இராஜேந்திர பிரசாத்! தம் மனத்துக்கு ஒவ்வாததைக் கடமை என்று கருதி ஒப்பமிட்ட அச்செயலை, அவருடைய பெருமைகளுள் ஒன்றாக நான் எண்ணுகிறேன். ஆனால் அவர் ஐயம் தீர்ந்துவிடவில்லை. 1960 நவம்பரில் இந்தியச் சட்டக் கழகத்தில் பேசுகையில், குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை அறிஞர்கள் ஆராய வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்.

அந்த ஐயத்தைத் தீர்க்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைச்சரவையின் ஆலோசனைக்கே முதன்மை என்று தீர்ப்பளித்தது. 1976-இல் வந்த 42-ஆம் திருத்தம் அதைச் சாசனத்திலேயே எழுதிற்று. 1978-இல் வந்த 44-ஆம் திருத்தம் ஒரு சிறு சாளரத்தைத் திறந்து வைத்தது: ஆலோசனையை மறுபடி எண்ணிப் பார்க்குமாறு அவர் ஒருமுறை கேட்கலாம், மறுபடி வந்தால் ஏற்றே ஆக வேண்டும்.

கையொப்பம் மறுக்கப்படுவதில் மட்டும் ஆபத்து உண்டென்று எண்ணிவிடக் கூடாது. 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவே இல்லை. மறுநாட் காலையிலேதான் கூடிற்று. பிரதமர் ஒருவரின் சொல் போதுமானதாக இருந்தது. 44-ஆம் திருத்தம் அதற்கும் தடுப்பு அமைத்தது. அமைச்சரவையின் முடிவை எழுத்தில் பெற்ற பிறகே இனி அத்தகைய பிரகடனம் செய்யலாம்.

மற்ற நாடுகளில் எவ்வாறு என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் அரசி ஆன் 1708-இல் ஒரு மசோதாவுக்கு இசைவு மறுத்தார். அதன்பின் எந்த அரசரும் மறுத்ததில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவரோ மக்கள் வாக்கைப் பெற்று வந்து ஆட்சியைத் தாமே நடத்துகிறவர். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தம் காலத்தில் 635 மசோதாக்களை மறுத்தார். அங்கே இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியும். நம் சாசனம் இங்கிலாந்தின் பக்கமே பெரிதும் சாய்ந்தது.

சாய்ந்ததே தவிர, அப்படியே படியெடுக்கவில்லை. 1986-இல் நாடாளுமன்றம் அஞ்சலகத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றிற்று. மக்கள் எழுதும் கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு விரிவான அதிகாரம் தருவது அது. ஜெயில் சிங் அதற்கு இசைவும் தரவில்லை, மறுக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. 111-ஆம் பிரிவில் காலவரம்பு எதுவும் இல்லையாதலால் கோப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. அடுத்து வந்தவர், நமக்கு அடுத்த பட்டுக்கோட்டைப் பகுதியில் இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். அவர் 1990 ஜனவரியில் அதை மறு ஆய்வுக்கு அனுப்பினார். 2002-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் 2006 மே மாதத்தில், ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அவைகள் அதை மாற்றாமல் மீண்டும் நிறைவேற்றவே, ஆகஸ்டில் கையொப்பமிட்டார். தடுக்க இயலாவிடினும் தாமதிக்கவும் கேள்வி கேட்கவும் அவரால் இயலும் என்பது இவ்விரண்டிலிருந்தும் தெரிகிறது. முத்திரைக் கட்டை கேள்வி கேட்பதில்லை.

இதுவரை சொன்னது நாடாளுமன்றத்தின் மசோதாக்களைப் பற்றி. மாநிலச் சட்டமன்றத்தின் மசோதா தில்லிக்குப் போக வேண்டுவது ஏன்?

சட்டம் இயற்றும் பொருள்களைச் சாசனம் மூன்று பட்டியல்களாகப் பிரித்திருக்கிறது. ஒன்று ஒன்றிய அரசுக்கு, ஒன்று மாநிலங்களுக்கு, மூன்றாவது இருவருக்கும் உரிய பொதுப் பட்டியல். பொதுப் பட்டியலிலுள்ள ஒரு பொருள் பற்றி நாடாளுமன்றமும் சட்டம் செய்து, மாநிலமும் அதற்கு முரணாகச் சட்டம் செய்தால், 254-ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி அனுப்பி, அவர் இசைவும் தந்துவிட்டால், முரண் இருந்தாலும் அந்த மாநிலத்தில் அந்தச் சட்டமே செல்லும். இந்த ஏற்பாட்டின் வேர் 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. அன்று இசைவு தர வேண்டியவர் கவர்னர் ஜெனரல்.

இந்தக் குறுகிய வாயிலின் வழியே தமிழ்நாடு பல முறை நுழைந்திருக்கிறது. 1967-இல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்க ஒரு மசோதா நிறைவேறிற்று. மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ, புரோகிதர் இன்றி நடக்கும் மணங்கள் அவை. திருமணம் பொதுப் பட்டியலைச் சேர்ந்தது. நாடாளுமன்றத்தின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே இருந்தது. ஆதலால் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டியிருந்தது. அது கிடைத்து 1968 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1989-இல் மகளுக்கும் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றிற்று. அப்போதைய குடியரசுத் தலைவர் வெங்கட்ராமன். நாடு முழுவதற்கும் அவ்வுரிமை கிடைத்தது 2005-இல்தான்; நம் மாநிலத்துப் பெண்கள் பதினாறு ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள். நூற்றுக்கு 69 இடஒதுக்கீட்டுச் சட்டமும் 1994 ஜூலையில் சங்கர் தயாள் சர்மாவின் இசைவு பெற்றதே.

வாயிலைக் கேட்காமற் போனால் நேர்வது என்ன என்பதற்கு ஜல்லிக்கட்டே சான்று. இதன் கதை 1950-களில், மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலிடம் தொடங்குகிறது. மாநிலங்கள் அவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர் விலங்குகளைக் காக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு கூறியதன் மேல், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் ருக்மிணி தேவியே. அந்த வாரியம்தான் அரை நூற்றாண்டுக்குப் பின் ஜல்லிக்கட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தின் படியேறிற்று. மதுரை மண்ணின் ஒரு மகள் நட்ட செடி மதுரை மண்ணின் விளையாட்டையே தடுத்தது விந்தையே.

2009-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் செய்தது. அதற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு பெறவில்லை. 2011 ஜூலையில் ஒன்றிய அரசின் அறிவிக்கை ஒன்று, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் வரிசையில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், நாகராஜா வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணானது, ஆதலால் செல்லாது என்று தீர்ப்பளித்தனர். வாலை முறுக்குதல், கண்ணில் எரிச்சலூட்டுதல் முதலிய கொடுமைகளுக்கான சான்றுகள் அவர்கள் முன் இருந்தன. அவற்றை வெறும் பழி என்று தள்ளிவிடலாகாது. சட்ட மாணவர் கவனிக்க வேண்டியது, 254-ஆம் பிரிவின் பாதுகாப்பு அச்சட்டத்துக்கு இல்லாமற் போயிற்று என்பதே. 2016 ஜனவரி 7-ஆம் நாள் ஒன்றிய அரசு ஒரு புதிய அறிவிக்கையால் விலக்குத் தர முயன்றது. ஐந்தே நாட்களில் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாடாளுமன்றச் சட்டம் ஒரு பக்கம் நிற்க, அரசாணை மறுபக்கம் இழுத்தால் எது வெல்லும் என்பது தெரிந்ததே.

2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மாநிலமெங்கும் மாணவரும் இளைஞரும் திரண்டதைப் பலர் அறிவர். அப்போது நடந்த சட்ட வேலையைச் சிலரே கவனித்தனர். சட்டமன்றம் கூடியிராத வேளையில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். ஆயின், குடியரசுத் தலைவரின் இசைவு தேவைப்படும் பொருளாயின், 213-ஆம் பிரிவின்படி அவரிடமிருந்து முன்னதாக அறிவுறுத்தல் பெற வேண்டும். ஆதலால் வரைவு முதலில் தில்லிக்குப் போயிற்று. அது அங்குள்ள அமைச்சகங்களைக் கடந்த பிறகு, ஜனவரி 21-ஆம் நாள் ஆளுநர் வித்யாசாகர் ராவ் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். 23-ஆம் நாள் அது மசோதாவாகி நிறைவேறிற்று. 31-ஆம் நாள் இசைவும் வந்தது. ஒரே சட்டத்துக்காகக் குடியரசுத் தலைவரின் பெயர் இருமுறை வேண்டியிருந்தது. இந்த முறை சட்டத்தின் அமைப்பும் வேறு. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மோதாமல், தமிழ்நாட்டுக்கு மட்டும் அச்சட்டத்தையே திருத்திற்று. 2023 மே 18-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்று ஏற்றது. குடியரசுத் தலைவரின் இசைவிலும் குறை காணவில்லை.

கையொப்பம் ஆயிற்று, இனிச் சட்டத்தை நடத்துவது யார்? ஒன்றியத்தின் ஆட்சி அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்று 53-ஆம் பிரிவு சொல்கிறது. தில்லி அரசின் ஆணைகள் எல்லாம் அவர் பெயராலேயே வெளியாகின்றன. ஆனால் வாடிவாசலில் நிற்கும் காவலர் அவருடைய ஆள் அல்லர். ஜல்லிக்கட்டு விதிகளை 2017-இல் வகுத்தது மாநில அரசு. எந்த ஊரில் நடத்தலாம் என்று அரசிதழில் அறிவிப்பதும் அதுவே. அனுமதி தருவதும் ஏற்பாட்டைப் பார்வையிடுவதும் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. காளையைச் சோதிப்பவர் கால்நடை மருத்துவர். தடுப்பு வேலி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் வருவாய்த் துறையினரும் காவல் துறையினரும். அண்மை ஆண்டுகளில் மாநிலத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சன்குறிச்சியிலேயே நடந்திருக்கிறது. அங்கே வேலி பலமாக இருந்ததா, மாடுபிடி வீரர் விதிப்படி நடந்தாரா என்பவற்றில்தான் சட்டம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். இந்த இடத்தில் ஒரு தாசில்தாரின் விழிப்பு, மாளிகையின் முத்திரையைக் காட்டிலும் பெரிது.

குடியரசுத் தலைவரின் கை ஒரு மாநிலத்துக்குள் நேராக நீளும் வேளையும் ஒன்று உண்டு. 356-ஆம் பிரிவின்படி மாநில ஆட்சி அவர் பெயருக்கு மாறும்போது, சட்டமன்றத்தின் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. நாடாளுமன்றம் அதை அவரிடமே ஒப்படைக்கலாம். அப்போது அவர் இயற்றுபவை ‘குடியரசுத் தலைவர் சட்டம்’ என்றே பெயர் பெறும். தமிழ்நாடு 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை இவ்வாட்சியைக் கண்டது. அதிலும் ஆலோசனை தில்லி அமைச்சரவையினுடையதே.

இனி அந்த இரண்டாவது மசோதாவுக்கு வருவோம். கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42-ஆம் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிற்று. 2016-இல் நாடாளுமன்றம் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் என்னும் பொது நுழைவுத் தேர்வைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கோரிக்கை. தனிப் பயிற்சிக்குப் பணமில்லாத கிராமத்து மாணவருக்குப் பொது நுழைவுத் தேர்வு எட்டாத உயரம் என்பது அதன் வாதம். நாடெங்கும் ஒரே அளவுகோல் வேண்டும், பணம் கொடுத்து இடம் வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். இதில் எது சரி என்று தீர்ப்பளிப்பது இவ்வுரையின் வேலை அன்று. வழி என்ன ஆயிற்று என்பதே நம் கேள்வி.

மாநில மசோதா தில்லிக்குப் போனால் முதலில் உள்துறை அமைச்சகத்தை அடையும். அது சம்பந்தப்பட்ட அமைச்சகங்களின் கருத்தைக் கேட்கும். ஜல்லிக்கட்டு மசோதாவில் அவை உடன்பட்டன. மருத்துவ மசோதாக்களில், தங்கள் சட்டத்தையே விலக்கும் ஒன்றுக்கு அவை உடன்படவில்லை. மசோதாக்கள் தில்லி சேர்ந்தது 2017 பிப்ரவரியில், பிரணாப் முகர்ஜியின் காலத்தில். இசைவு மறுக்கப்பட்டது அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், ராம்நாத் கோவிந்தின் காலத்தில். நாற்காலியில் இருந்தவர் மாறினார். ஆலோசனை சொன்ன அமைச்சரவை மாறவில்லை. பேனாவை நகர்த்துவது யார் கை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? மறுக்கப்பட்ட செய்தி ஊரறிய வெளிப்பட்டது 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த பதிலின் வாயிலாக. மறுக்கும் உரிமை சாசனத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு மாநிலத்து மக்களின் பிரதிநிதிகள் கேட்டதை மறுக்கும்போது, காரணத்தை உடனே, எழுத்தில், எல்லாரும் அறியச் சொல்வதுதான் முறை. பள்ளியில் ஒரு மாணவனுக்கு விடுப்பு மறுத்தாலே காரணம் சொல்லுகிறோம்.

2021 செப்டம்பர் 13-ஆம் நாள் சட்டமன்றம் மறுபடியும் ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று. ஆளுநர் ஆர். என். ரவி 2022 பிப்ரவரியில் அதைத் திருப்பி அனுப்பினார். அம்மாதம் 8-ஆம் நாள் சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. அது தில்லிக்கு அனுப்பப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. குடியரசுத் தலைவர் இசைவு மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரல் 4-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நாடாளுமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றியதற்கு இசைவு தந்தே ஆக வேண்டும் என்றோமே, இங்கு ஏன் அவ்வாறு இல்லை? மாணவர்கள் தவறவிடும் இடம் இதுவே. மாநில மசோதா குடியரசுத் தலைவரிடம் போய்விட்டால், 111-ஆம் பிரிவு பொருந்தாது. 201-ஆம் பிரிவே பொருந்தும். அதன்படி அவர் மறு ஆய்வுக்கு அனுப்பினால் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் ஆராய வேண்டும். மீண்டும் நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் இசைவு தந்தே ஆக வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. அவர் எத்தனை நாளில் முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறவில்லை.

இந்த மௌனத்தை நிரப்ப 2025-இல் ஒரு முயற்சி நடந்தது. வேறு பத்து மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது குறித்துத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், ஏப்ரல் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், குடியரசுத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று கூறினர். நாட்டின் வரலாற்றில் இப்படி ஒரு காலவரம்பு குடியரசுத் தலைவருக்கு விதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதன்மேல், மே மாதத்தில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சாசனத்தின் 143-ஆம் பிரிவைக் கொண்டு பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஐந்து நீதிபதிகளின் அமர்வு தன் கருத்தைக் கூறிற்று: சாசனம் எழுதாத காலவரம்பை நீதிமன்றம் எழுத இயலாது, நாள் கடந்தது என்பதற்காக இசைவு கிடைத்துவிட்டதாகக் கொள்ளவும் இயலாது. ஆளுநர் மசோதாவைக் காரணமின்றி முடிவில்லாமல் வைத்திருக்கலாகாது என்பதையும் அவர்கள் சொன்னார்கள்.

ஆக, 201-ஆம் பிரிவு 1950-இல் இருந்த அதே சொற்களோடு இருக்கிறது. அதில் சட்டமன்றத்துக்கு ஆறு மாதம் என்று எழுதப்பட்டிருக்கிறது. குடியரசுத் தலைவருக்கு உரிய இடத்தில் எண் எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஓர் எண்ணை எழுத வேண்டுமாயின், 368-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்த மசோதாவும் குடியரசுத் தலைவரின் கையொப்பத்துக்கே செல்லும். 1971-இல் வந்த 24-ஆம் திருத்தத்தின்படி, அந்த ஒரு வகை மசோதாவுக்கு மட்டும் அவர் இசைவு மறுக்கவோ திருப்பி அனுப்பவோ முடியாது.